மதுரையில் விட்டுவந்த பிள்ளை

ஆமாக்கா, மடியில பிள்ள இல்ல. கை பழகிப்போச்சு, அதான் அதுபாட்டுக்குத் தட்டிக்கிட்டு இருக்கு. நீங்க மதுரையில ஏறினதுலருந்து பாக்கீக, நானும் கவனிச்சேன். கிறுக்குன்னு நெனைச்சிராதீக. எனக்குப் பேட்டைக்கு மேக்க ஒரு ஊரு. உலகம்மான்னு பேரு. வயலும் வரப்புமா இருக்கிற வீடு. வாசல்ல வந்து நின்னவங்கள வெறுங்கையா அனுப்பினதில்ல. இன்னிக்கு மாத்துச்சேல இல்லாம, தலை வாராம, பொம்பளைங்க பெட்டியில ஒத்தையில உக்காந்து வாரேன்.

எம்பிள்ள இல்லக்கா. பேரன். பாத்தீகளா, நீங்களும் முழிக்கீக. எனக்கு முப்பது இருக்கும், ஒண்ணு ரெண்டு கூட இருக்கலாம். பதினாலுல எம்மவன் ஆவுடையப்பனப் பெத்தேன். அவனுக்குப் பிள்ள பிறந்தா நான் ஆச்சிதானே. அதுல என்ன அதிசயம்.

அந்தப் பிள்ளைய எம்மருமக வச்சுக்கிட்டா. தரமாட்டேன்னுட்டா. அதுதான் நடந்தது. பதிமூணு வயசுக் கழுத, எம்மூஞ்சியப் பாத்து, தரமாட்டேன்னுட்டா. எங்க வம்சத்துப் பிள்ளய மதுரையில வெள்ளைக்காரி ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாரேன். வீட்ல என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியல. நீங்களே கேளுங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல என்ன தப்பு.

மகாராணி பட்டத்துக்கு வந்து அம்பது வருசம் ஆச்சுன்னு ஊரெல்லாம் விளக்கு வச்சாங்களே, பாளையங்கோட்டையில வாணம் விட்டாங்களே, அந்த வருசந்தான் ஆவுடையப்பனுக்குக் கல்யாணம். பொண்ணும் பாளையங்கோட்டைதான், கோமுன்னு பேரு. குத்தாலம் பிள்ளைக்கு ஒரே மக. ஒம்பது வயசு. மணவடையில வாணம் வெடிக்கிற சத்தம் கேட்டு எழுந்திரிச்சு ஓடிட்டா. பிடிச்சுக் கொண்டாந்து உக்கார வச்சோம். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். நான் எங்கல்யாணத்துல தூங்கிட்டேன், எங்கம்மா தோள்ல போட்டுக்கிட்டுத்தான் தாலி கட்டுனாகளாம். இதெல்லாம் எல்லார் வீட்லயும் நடக்கறதுதானே.

வயசுக்கு வந்ததும் கொண்டுவந்து விட்டாக. நான் ஒரு குறையும் வைக்கல. இத நீங்க நம்பணும். சில வீட்ல மாமியா சூடு வைப்பா, சோத்த ஒளிச்சு வைப்பா. நான் அவளுக்குத் தலை சீவி, பூ வச்சு, எங்கூட உக்கார வச்சுச் சோறு போட்டேன். எம்மக பிச்சம்மாளுக்கு அவளக் கண்டா உசிரு. மதினி மதினின்னு பின்னாலயே திரிவா. ரெண்டும் கொல்லையில பாண்டி ஆடிக்கிட்டுக் கெடக்கும். மாவாட்டச் சொல்லி விட்டுட்டுப் போய்ப் பாத்தா, உரலு தனியா நிக்கும், இதுக ரெண்டும் புளியங்கொட்டைய வச்சு ஒத்தையா ரெட்டையா விளையாடிக்கிட்டு இருக்கும். ஏட்டி, நீ இன்னும் சின்னப்பிள்ளையான்னு சத்தம் போடுவேன். எழுந்திரிச்சு ஓடி உரலுக்கிட்ட உக்காந்துக்கிடுவா. பயம் உண்டு, மரியாத உண்டு. இப்பப் பேசின பேச்சு அப்பக் கெடையாது.

வருசம் திரும்பறதுக்குள்ள முழுகாம இருந்தா. அதுவும் அவளுக்குத் தெரியல, நாந்தான் கண்டுபிடிச்சேன். வயித்துல பிள்ள இருக்குன்னு நான் சொன்னப்ப, அது எப்ப வெளிய வரும்னு கேக்கா. பிச்சம்மா பக்கத்துல உக்காந்து அவ வயித்துல காத வச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பா. அந்த வயித்தோட பாண்டி ஆடுனாக்கா. கட்டத்தத் தாண்டிக் குதிக்கும்போது ஒரு கையால வயித்தப் பிடிச்சுக்கிட்டு. நாம் பாத்து ஓட்டாஞ்சல்லியப் பிடுங்கிக் கிணத்துல போட்டேன்.

அந்தச் சமயந்தான் சர்க்கார்ல என்னமோ சட்டம் போட்டிருக்கான், பொண்ணுக்கு இத்தனை வயசு ஆகணும்னு, அப்படின்னு ஊருக்குள்ள பேச்சு. எங்க வீட்ல அவுக சிரிச்சாக. எங்க வீட்டு விளக்க எப்ப ஏத்தணும்னு கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கறவனா சொல்லணும்னாக. அவுக சிவபூச எடுத்துக்கிட்டவுக. கோயில்ல மண்டகப்படி எங்களுக்கு உண்டு. நாலு பேரு யோசன கேட்டு வருவாக. பேச்சுல அவுகள ஜெயிக்க முடியாது.

தலப்பிரசவம் தாய் வீட்லதானே. சம்பந்தி வீட்லருந்து கூப்பிட வந்தாக. கோமு அதுக்கு முந்தின நாளே துணிமணிய மூட்டகட்டி வச்சு, அது மேலயே உக்காந்திருந்தா. வந்தவுக கொண்டுவந்த சீர்ல எங்க வீட்ல அவுகளுக்கு ஏதோ குத்தம் தெரிஞ்சிருச்சு. தாம்பாளம் பித்தளைன்னாகளோ, பலகாரம் கொறைவுன்னாகளோ, இப்ப அது எனக்கு ஞாபகம் இல்ல. பேச்சு வளந்துருச்சு. அனுப்ப முடியாதுன்னுட்டாக. குத்தாலம் பிள்ள கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாரு. நான் அடுக்களையில இருந்தேன். ஆம்பளைங்க பேசுற எடத்துல நான் என்னத்தப் பேச. மூட்டைய நாந்தான் அவுத்து மறுபடியும் பெட்டியில அடுக்கினேன்.

வலி எடுத்தது மாசம் நெறையறதுக்கு முந்தி. ஒரு விடியல் போச்சு, மறு விடியலும் போச்சு. பிள்ள எறங்கல. மருத்துவச்சி கைதேர்ந்தவ, எனக்கும் அவதான் பாத்தா. அவளே வெளிய வந்து எங்கிட்ட, தாயி இது இன்னும் பிள்ளையோட இடுப்பு, இதுல என்ன வழி இருக்கும்னு சொல்லிட்டு, முகத்தத் தொடச்சுக்கிட்டு மறுபடியும் உள்ள போனா. கோமுவுக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்ல. எங்கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா.

"அத்தை, நான் இப்ப வீட்டுக்குப் போயிட்டு, அப்புறமா வந்து பெத்துக்கிடட்டுமா?"

கேட்டீகளா. இப்படி ஒரு பேச்சு. தண்ணி குடுத்தேன்.

சேதி கேட்டு அவங்கம்மா ஓடி வந்தா. வந்தவ எங்க வீட்ல அவுக கால்லயே விழுந்துட்டா. மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்கா, பொம்பளதான், வெள்ளைக்காரி, இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பிழைக்க வச்சிருக்கா, ரயில்ல போட்டுக் கொண்டுபோயிருவோம்னு அழுதா. கண்டவளும் ஏறுற வண்டியில எம்மருமகள ஏத்தி, மாட்டிறைச்சி திங்கறவ கையால தொட வைக்கணுமான்னு கேட்டுட்டு அவுக பூசைக்குப் போயிட்டாக. நான் அவங்கம்மாவத் தூக்கி நிறுத்தினேன். எனக்கும் அப்ப கோவந்தான், அவமேல. என்னமோ நாங்க கொல்லப் பாக்குற மாதிரி அழுதா. நானும் பெத்தவதானே. ஆவுடையப்பன் பிறந்தப்ப நான் எத்தனையோ நாள் சொவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு தங்கல. ஒண்ணு வயித்துலயே போச்சு, ஒண்ணு பேரு வைக்க முந்தி. யாரும் ஆஸ்பத்திரின்னு பேசல. நான் இருக்கேன்லா, உங்க முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்.

கடைசியில பிறந்துட்டான். உசிரோட பிறந்தான். ஆம்பளப் பிள்ள. குலவ போட்டாக, சர்க்கர குடுத்தாக. அவளும் பிழைச்சுக்கிட்டா. சாமி கண்ணத் தெறந்துட்டான்னுதான் நான் நெனைச்சேன்.

இதச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. நீங்க பொம்பள, சொல்லலாம். காய்ச்சல் விட்டு எழுந்திரிச்சதும், அவளுக்கு நீர் நிக்கலக்கா. உக்காந்தா நனையும், எழுந்திரிச்சா நனையும். அவளுக்குத் தெரியாமலே போகும். ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும்னா மருத்துவச்சி. ஆகல. கஷாயம் குடுத்தோம், பத்தியம் போட்டோம். ஆகல. அவ எந்நேரமும் கொல்லையில துணி அலசிக்கிட்டே இருந்தா. பிள்ளைக்குப் பால் குடுப்பா, போய் அலசுவா, வந்து குடுப்பா, போய் அலசுவா. தொடையெல்லாம் வெந்து புண்ணு. இருந்தாலும் வாட இருக்கத்தானே செய்யும். பூச நடக்குற வீடு. அவுக மூக்கப் பொத்திக்கிட்டுப் போவாக. தொழுவத்துப் பக்கம் சாய்ப்புல படுக்கப் போட்டோம். பாய், போர்வ, எல்லாம் குடுத்தேன். சோத்த நானே கொண்டுபோய் வச்சேன். வேற வீட்ல இவ்வளவு செய்வாகளா?

பிச்சம்மா மட்டும் போய் அவகூடவே உக்காந்திருப்பா. வாட அடிக்கலையாட்டின்னு கேட்டா, மதினிதானேம்மாங்கா.

கடைசியில அவுக ஆள் அனுப்பிச் சம்பந்தியக் கூப்பிட்டு, உம்ம மகள நீரே கூட்டிட்டுப் போரும்னாக. இது குடித்தனத்துக்கு ஆகாது. பையனுக்கு வேற எடம் பாக்கணும். பிள்ள எங்க வம்சம், அது இங்கதான் இருக்கும். குத்தாலம் பிள்ள மகளத் தூக்கிக் கொண்டுபோய் வண்டியில வச்சாரு. ஆவுடையப்பன் அன்னிக்கு வீட்லதான் இருந்தான். எம்மவன் படிக்கிறவன், ஒண்ணுலயும் தலையிட மாட்டான். புத்தகத்த வச்சுக்கிட்டு மாடியில இருந்தவன் எறங்கி வரல. அவனச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்கும் பதினேழு நெறையல.

பிள்ள எங்கையில. வண்டி பொறப்படும்போது அவ முந்தியெல்லாம் பால் நனைஞ்சு கெடக்கு. அழுவான்னு பாத்தேன், அழல. என்னப் பக்கத்துல வரச்சொல்லி, "அவன வலப்பக்கமாப் போட்டாத்தான் குடிப்பான் அத்தை. யாரு குடுத்தாலும் சொல்லிருங்க" அப்படின்னா. அவ்வளவுதான். வண்டி போயிருச்சு.

யாரு குடுக்க? பசும்பால் குடுத்தோம், கக்கிட்டான். ஆட்டுப்பால் குடுத்தோம், வயித்தால போச்சு. எங்க ஆளுங்கள்ளயே பிள்ள பெத்த ஒருத்தி தெருவுல இருந்தா. அவ காலும் கையும் பிடிக்காத குறையாக் கேட்டு, வந்து குடுத்தா. ரெண்டு மூணு நாள்ல அவ புருசன் வேண்டாம்னுட்டான். அடுத்த தெருவுல நல்ல ஆரோக்கியமா ஒருத்தி இருந்தா, குடுக்கவும் தயாராத்தான் இருந்தா. அவுக கேட்டாக, எந்தச் சாதிப் பால்ல எம்பேரன் வளரணும்கேன்னு. அவள வரவேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். பிள்ள சுருங்கிட்டே வந்தான். மொதல்ல அழுவான். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்ல. வாயத் தெறந்து தெறந்து மூடுவான். விதிச்சது எப்படியோ அப்படின்னு அவுக சொல்லிட்டு, ஆவுடையப்பன் ஜாதகத்த எடுத்துக்கிட்டுப் பொண்ணு பாக்கப் பொறப்பட்டுட்டாக.

அன்னிக்குத்தான் எனக்கு என்னமோ ஆயிருச்சு. தப்பா ஒண்ணும் நெனைக்கலக்கா. கோமுகிட்டக் கொண்டுபோயி, பால் குடிக்க வச்சு, கொஞ்சம் தேறினதும் தூக்கிட்டு வந்துரலாம், அவ்வளவுதான் யோசன. அவுக வாறதுக்குள்ள திரும்பிரலாம்னு இருந்தேன். வைத்தியர்கிட்டப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு, வில்வண்டியில பாளையங்கோட்டைக்குப் போனேன். போனா வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. மகள மதுரைக்குக் கொண்டுபோயிட்டாக, அந்த டாக்டரம்மா தச்சுச் சரிபண்ணுவாளாம்னா. சொல்லிட்டு என்ன ஒரு பார்வ பாத்தா. எங்கையில இருந்த பிள்ளயப் பாத்ததும் உள்ள போயிட்டா.

நான் வாசப்படியில உக்காந்துட்டேன். வீட்டுக்குத் திரும்பினா பிள்ள போயிரும். அது தெளிவாத் தெரிஞ்சுது. மதுரை எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. பிறந்ததுலருந்து ஒத்தையில தெருவத் தாண்டினதில்ல. மடியில கோயில் உண்டியலுக்குன்னு முடிஞ்சு வச்ச காசு இருந்துச்சு. வண்டிக்காரன்கிட்ட என்ன ரயிலடியில விட்டுட்டு வீட்டுக்குப் போன்னேன். அவன் அப்படியே நின்னான். போடான்னேன்.

ரயில்ல எனக்கு எதுத்தாப்புல ஒரு பிள்ள உக்காந்திருந்தா. இருபது வயசு இருக்கும். மடியில நல்லாக் கொழுகொழுன்னு ஒரு பொம்பளப் பிள்ள, பால் குடிச்சுக்கிட்டு இருக்கு. பக்கத்துல ஓலைக்கொட்டான், கருப்பட்டி வாசம். நான் அந்தப் பக்கம் பாக்காம உக்காந்திருந்தேன். எம்பேரன் மூக்குல அந்தப் பால் வாசம் பட்டிருக்கும் போல, நாலு நாளா அசையாதவன் தலையத் திருப்பறான். அவ பாத்துட்டா. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கையை நீட்டுனா.

அக்கா, நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீக? எனக்கு அவ யாருன்னு கேக்கணும்னு தோணிச்சு. கேட்டா அவ சொல்லிருவா. சொல்லிட்டா நான் குடுக்க முடியாது. தாயி, நீ எந்த ஆளுகன்னு நான் கேக்கமாட்டேன், நீயும் சொல்லிராதேன்னேன். அவ சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, சிரிக்காத மாதிரியும் இருந்துச்சு. பிள்ளய வாங்கிக்கிட்டா. அவனுக்கு உறிஞ்சத் தெம்பு இல்ல. அவ பீச்சி உதட்டுல சொட்டுச் சொட்டா விட்டா. நான் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்துல முழுங்குற சத்தம் கேட்டுச்சு. அக்கா, நான் பெத்த பிள்ளைக கத்திப் பிறந்தப்பகூட எனக்கு அப்படி இருந்ததில்ல.

அவ விருதுபட்டியில எறங்கணும். எறங்கல. விருதுபட்டி வந்துருச்சேன்னு நான் சொன்னேன். தெரியும்னா. மதுரை வரைக்கும் வந்து, ஆஸ்பத்திரி வாசல்ல பிள்ளய எங்கையில குடுத்துட்டுத்தான் போனா. அவ பேரு எனக்குத் தெரியாது. நாந்தான் கேக்கமாட்டேன்னு சொல்லிட்டேனே.

சம்பந்தியம்மா என்னக் கண்டதும் வாசல மறிச்சு நின்னா. ஏசுவான்னு நெனைச்சேன். பிள்ளயப் பாத்தா, வாங்கினா, உள்ள ஓடிட்டா. நான் பின்னாலயே போனேன். கோமு கட்டில்ல மல்லாந்து கெடக்கா. தச்சு முடிச்சுக் கொஞ்ச நாளுதான் ஆயிருக்கு. ஒரு குழாய் வச்சிருக்கு. அசையக்கூடாதுன்னு உத்தரவு. அசைஞ்சா தையல் விட்ரும், விட்டா மறுபடி தைக்கிறது கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. பிள்ளயக் கொண்டுபோய்ப் பக்கத்துல போட்டதும், தலைய மட்டும் திருப்பி அவன மோந்து பாத்தா. மோந்து பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு சொட்டு அழல. அவளுக்குப் பால் வத்திப்போயிருந்துச்சு. அங்க படுத்துக் கெடந்த பொம்பளைங்க நாலஞ்சு பேரு மாறி மாறிக் குடுத்தாங்க. துலுக்கச்சி ஒருத்தி, வேதக்காரி ஒருத்தி, இன்னும் யாரு யாரோ. நடுவுல நடுவுல கோமுகிட்டயும் போட்டுப் போட்டு எடுத்தாங்க. சப்பச் சப்ப வந்துரும்னு டாக்டரம்மா சொன்னா. வந்துருச்சு. நான் தாவாரத்துல கெடந்தேன். மொதல்ல பொரியும் பழமுந்தான் சாப்பிட்டேன். அப்புறம் அங்க போட்ட சோத்தத் தின்னேன். இத வீட்ல சொல்லமாட்டேன், உங்ககிட்டச் சொல்லுதேன்.

அந்த டாக்டரம்மா அரைகுறையாத் தமிழ் பேசுவா. ஒருநாள் என்னக் கூப்பிட்டு எனக்கு என்ன வயசுன்னு கேட்டா. எத்தனை வயசுல மொதப் பிள்ளன்னு கேட்டா. சொன்னேன். நீயும் உள்ள வந்து படு, பாக்கணும்னா. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்னேன். இருமினா தும்மினா கொஞ்சம் நனையும், மாசத்துல பாதி நாள் இடுப்பு விட்டுப்போகும், குனிஞ்சா அடியில என்னமோ எறங்கி வார மாதிரி இருக்கும். பதினேழு வருசமா அப்படித்தான். அது எல்லாருக்கும் உள்ளதுதானே? உங்களுக்கு இல்ல? இல்லையா.

சரி. பேரன் தேறிட்டான். கன்னத்துல சத வச்சிருச்சு. இன்னிக்குக் காலையில அவனத் துடைச்சு, பொட்டு வச்சு, துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, கோமுகிட்டப் போய் உக்காந்தேன். நல்ல விதமாத்தான் சொன்னேன். ஏட்டி, தாத்தா தேடுவாக, நான் இவன எடுத்துட்டுப் போறேன், அங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிடலாம், நீ உடம்பப் பாத்துக்கன்னேன். அவ மேல பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. சத்தம் போடல. பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"எடுத்துட்டுப் போங்க அத்தை. நீங்க வாசலத் தாண்டுறதுக்குள்ள இந்தத் தையலப் பிச்சுக்கிட்டு நான் பின்னால வருவேன்."

எங்கிட்ட. நான் பொட்டு வச்ச, நான் தலை சீவின பிள்ள, எங்கிட்டச் சொல்லுதா. கை ஓங்கிட்டேன். அவங்கம்மா எழுந்திரிச்சு வந்தா. கோமு முழங்கையை ஊனினாக்கா. நிசமாவே ஊனினா. முகம் வெளிறிப்போச்சு, உதட்டக் கடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கப் பாக்கா. அவ சொன்னதச் செய்வா. பிள்ள எம்மடியில இருந்துச்சு. நான் எழுந்திரிச்சு நடந்திருந்தா யாரும் தடுத்திருக்க முடியாது.

பக்கத்துல போட்டுட்டு வந்துட்டேன். வண்டிக்கு நேரமாயிருச்சு, அதான். இல்லன்னா பேசிப் பாத்திருப்பேன்.

பத்து நாளாச்சு, இதுக்குள்ள அவுக வந்திருப்பாக. வண்டிக்காரன் சொல்லியிருப்பான். பிள்ள எங்கேன்னு கேப்பாக. செத்துப்போச்சுன்னு சொன்னா விட்ருவாக, அதுகூட யோசிச்சேன். வாய் வராது. உசிரோட இருக்கறவன எப்படி அப்படிச் சொல்ல. மதுரையில இருக்கான்னா ஆள் அனுப்பி எடுக்கப் பாப்பாக, அவ பிச்சுக்கிட்டுச் சாவா. என்ன வாசல்லயே நிறுத்திருவாக. நிறுத்தட்டும். நான் எங்க போவேன்? எங்கம்மா வீட்ல யாரும் இல்ல.

எனக்கு அதுகூடப் பெருசில்லக்கா. வெள்ளிக்கிழமை பிச்சம்மாளுக்குப் பரிசம் போட வாராக. நல்ல எடம். கடையநல்லூர்ல பெரிய வீடு. மாப்பிள்ளைக்கு இருபத்தாறு வயசு, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. மூத்த சம்சாரம் தவறிப்போச்சு. பிரசவத்துலதான். பதினாலு வயசாம், பாவம். இந்த மாதிரி எடம் திரும்பக் கெடைக்காதுன்னு அவுக சொன்னாக. நானும் சரின்னுதான் சொன்னேன். நகையெல்லாம் அழிச்சுச் செய்யக் குடுத்தாச்சு.

பிச்சம்மா கேட்டுக்கிட்டே இருப்பா, மதினி எங்கம்மா, பாப்பா எங்கம்மான்னு. கோமுவும் காலையில, எல்லாம் பேசி முடிச்சு, நான் திரும்பி நடக்கும்போது, பிச்சம்மாளுக்கு எத்தனாவது பல் விழுந்துருக்குன்னு கேட்டா. இன்னும் பல்லு விழுந்து மொளைக்கிற பிள்ளதான். அவள ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரணும். சும்மா, பாக்கத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல. அந்த டாக்டரம்மா தாவாரத்துல எடம் இருக்கு, சோறு போடுதா, பாத்திரம் தேய்க்க, துணி அலச ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா. கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தா என்ன குறைஞ்சு போகும். வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்ப முடியாதுதான். முடியலன்னா முடியல. அவுக சாயங்காலம் பூசையில உக்காந்தாகன்னா எழுந்திரிக்க நேரமாகும். கொல்லை வழியா வந்தா யாருக்கும் தெரியாது. அவளுக்கு நடக்கத் தெம்பு இருக்கு, நல்லா ஓடுவா.

ஒண்ணு கேக்கேன் அக்கா. நீங்க அடிக்கடி வண்டியில போறவுக, உங்களுக்குத் தெரியும். எங்கையில மிச்சம் இருக்கறது கொஞ்சந்தான். ஒம்பது வயசுப் பிள்ளைக்கு அரை டிக்கெட்டுதானே? டிக்கெட் குடுக்கிறவரு நம்பமாட்டேன்னா, முன்னால நிறுத்திக் காட்டினாப் போதும்லா? பாத்தாலே தெரியும்லா, சின்னப்பிள்ளன்னு.